நெரிசலும் நோயும்
(பிரம்மதேசத்தில் நிகழ்ந்த திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2020இல் மகுடைத் தொற்று, அஃதாவது கொரோனா, நம் பக்கம் பரவியபோது ‘கோயம்பேட்டிலிருந்து வந்தவன் கொண்டுவந்தான்’ என்றொரு பேச்சு ஊரெங்கும் கிளம்பிற்று. அப்பேச்சில் உண்மை எவ்வளவு என்று ஆய்ந்து பார்க்கவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சென்னையில் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 26,553 பேர்; கள்ளக்குறிச்சி பிரியாத அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலோ 481 பேரே. இடம் அகன்றது, நோய் அணுகாது என்றிருந்தோம். 2020 மே 4 அன்று தமிழ்நாட்டில் புதிதாகக் கண்டறியப்பட்ட 527 பேருள் கடலூர் மாவட்டத்தார் 122 பேர். விழுப்புரத்தார் 49 பேர். மறுநாள் கோயம்பேட்டு அங்காடி மூடப்பட்டது. பிழைப்புக்காகச் சென்றவர் ஊர் திரும்பிய வழியே தொற்றும் வந்தது, இது மெய். ஆனால் அவர்களை அங்கே ஓரறையில் பலராய் அடைத்தது எது? கூலியன்றோ!

மும்பையைப் பாருங்கள். 2020 சூலையில் அந்நகரின் மூன்று வட்டங்களில் குருதி ஆய்வு செய்தனர். குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினர்க்கு நோய் வந்துபோயிருந்தது. ஏனைப் பகுதிகளில் 16 விழுக்காட்டினர்க்கே. நகர் ஒன்று, வீடுகள் வேறு. நம் உப்பளத் தொழிலாளி பகலெல்லாம் கடற்காற்றில், திறந்தவெளியில் உப்பு வாருகின்றார். ஆங்கே அச்சம் குறைவு. இரவில் சிறு குடிலில் பெற்றோரும் பிள்ளைகளும் சூழப் படுக்கின்றார்; ஆங்கேதான் இடர். உமணர் என்னும் பழஞ்சொல்லைப் பெருமையோடு பேசும் நாம் (நானுந்தான்) அவர் படுக்கும் அறையின் அளவைக் கேட்டதில்லை.

சாவோ அகவையைப் பார்த்து வந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நிகழ்த்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற 5 முதல் 17 அகவையினருள் இறந்தோர் 0.05 விழுக்காடு, 85ஐக் கடந்தோருள் 16.6. இளையவன் நடந்து வருகிறான், பாட்டன் மடிகிறான். இன்னொன்றும் அவ்வாய்விலுண்டு. தொடர்பினர் ஆராயப்பட்ட நோயாளருள் 71 விழுக்காட்டினரிடமிருந்து எவர்க்கும் தொற்றியதாய்க் காணவில்லை.

அக்காலத்தில் இக்கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், திரும்பிவந்த இளைஞனைத் தெருவுக்குள் விடாது முள்வேலி இட்டனர். பள்ளியின் இரண்டு அறைகள் பூட்டிக் கிடந்தன. திறவுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மூன்று இரவு அவன் வேம்படியில் கிடந்தான். அவன் தாய் வேலியருகே சோற்றை வைத்துவிட்டு, அவன் உண்டு முடிக்கும்வரை எட்ட நின்றாள்.