கிடாவைத் தேர்ந்தெடுக்க ஓர் இரத்தச் சோதனை

மேற்கு வங்கத்தின் கறுப்பு வங்க வெள்ளாடு ஓர் ஈற்றில் இரண்டு, மூன்று குட்டிகள் ஈனுவதைப் பலரும் அறிவர். அதே மாநிலத்துச் சுந்தரவனப் பகுதியில் வளரும் கரோல் என்னும் சிறிய செம்மறிக்கும் இப்பண்பு உண்டு. மகாராஷ்டிரத்தின் வறண்ட நிலங்களில் தங்கர் சமூகத்தினர் மேய்த்துவரும் தக்காணச் செம்மறியோ பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனுகிறது. கரோலின் பண்பைத் தக்காண ஆட்டுக்குக் கொண்டுவர முற்பட்டது, சதாரா மாவட்டம் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம்.

இப்பண்புக்குக் காரணம் பெக்-பி எனப்படும் ஒரு மரபணு மாற்றம். இதைப் பெற்ற பெட்டையில் ஒரு பருவத்தில் முதிரும் சினை முட்டைகள் மிகுகின்றன. ஆஸ்திரேலியாவின் பூரூலா மெரினோ ஆடுகளிலும் இதுவே உள்ளது. 1790-களில் வங்கத்திலிருந்து கப்பலேறிய ஆடுகளின் வழியே அது அங்குச் சென்றது என்பது ஆய்வாளர் கருத்து. 2001-இல் அதன் மரபணு இடம் கண்டறியப்பட்டது. நம் நாட்டுச் செல்வம் உலகைச் சுற்றிவந்து நமக்கே அறிமுகமாயிற்று!

கிடா குட்டி ஈனுவதில்லை. அதன் மகள்கள் ஈனும்வரை அதன் தரம் புலப்படாது. இரத்தச் சோதனையோ அதைக் குட்டிப் பருவத்திலேயே காட்டிவிடுகிறது. கரோல் உருவில் மிகச் சிறியதாதலால், கலப்பினக் குட்டிகளில் மரபணு உள்ளவற்றை மட்டும் பொறுக்கி மீண்டும் மீண்டும் பெரிய உருவுடைய இனங்களோடு இணைத்தனர். இவ்வாறு உருவானதே நாரி சுவர்ணா.

இம்மரபணு இரு மடங்காக அமைந்த கிடாவைச் சாதாரணப் பெட்டைகளுடன் சேர்த்தால், மகள்கள் அனைத்திற்கும் ஒரு மடங்கு கிட்டும். ஏழை வளர்ப்போருக்கு அதுவே போதுமானது. இரு மடங்கு பெற்ற பெட்டை மூன்று குட்டிகள்கூட ஈனலாம். வறண்ட நிலத்தில் தாய்ப்பால் அத்தனைக்கும் போதாது. ஆகவே அம்மகள்களுக்கு மீண்டும் அதே வகைக் கிடாவை விடலாகாது. இந்த ஒழுங்கைக் காப்பது சோதனைக்கூடத்தைவிடக் கடினம். கிடைகள் பலவும் ஒரே மேய்ச்சல் நிலத்தில் கலந்தே மேய்கின்றன.

திட்ட அறிக்கைகள் பிறந்த குட்டிகளை எண்ணுகின்றன. வளர்ப்போரின் வருவாய், பால் மறந்து சந்தைக்குச் செல்லும் குட்டியைப் பொறுத்தது. இரட்டைக் குட்டிகள் எடை குறைந்தே பிறக்கும். சினையின் கடைசி ஆறு வாரங்களில் தாய்க்குக் கூடுதல் தீவனம் தேவை. பல நூறு கல் தொலைவு நடந்து மேய்க்கும் கிடைகளில், நடக்க இயலாத குட்டியை மேய்ப்பவரே சுமக்க வேண்டும். ஆதலால் இக்கிடாக்களை, ஊரிலேயே தங்கித் தீவனம் தரக்கூடிய சிறு வளர்ப்போருக்கு முதலில் வழங்குவதே பொருந்தும்.