புயல் நஷ்டத்தை யார் அளப்பது?
(திண்டுக்கல் சொற்பொழிவின் சுருக்கம்)



2018 நவம்பர் 16-ந் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டு நமது திண்டுக்கல் ஜில்லா வழியாகவும் போயிற்று. அப்படிப்பட்ட நஷ்டத்தைக் கணக்கெடுக்க வருகிறவர் பெரிய பண்ணை வாசலோடு திரும்பிவிட்டால், சேரிக்காரனுடைய அரை ஏக்கர் கணக்கில் ஏறுமா? யோசித்துப் பாருங்கள்.

ஐரோப்பியர் விட்டிருக்கும் சென்டினல்-2 என்னும் செயற்கைக்கோள் சுமார் 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பூமியைப் படம் பிடிக்கிறது. உயிருள்ள பச்சிலை சிவப்பு ஒளியை விழுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியடிக்கும். காய்ந்த இலையில் இந்த வித்தியாசம் குறைந்துவிடும். ஆகவே புயலுக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் ஒத்துப் பார்த்தால், பச்சை எங்கே அழிந்தது என்பது தெரிந்துவிடும். மேகம் மறைத்தாலோ, சென்டினல்-1-இன் ரேடார் அதை ஊடுருவிப் பார்க்கும். அந்தப் படத்துக்கு மேல்சாதி, கீழ்சாதி தெரியாது.

ஆனால் இதையும் வேதவாக்காக்கி விடாதீர்கள். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டர் சதுரம். குடிசையோரம் விழுந்த ஒற்றைத் தென்னை அதில் தனியாகத் தெரியாது. மரமேறிப் பிழைத்தவன் இழந்த கூலியோ எந்தப் படத்திலும் விழாது.

இப்படங்களை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். படித்த வாலிபர்கள் படத்தைப் பார்த்துச் சொல்லட்டும். படத்தில் விழாதவர் பெயர்களை ஊரார் கூடி எழுதட்டும். இரண்டையும் வைத்துச் சர்க்காரைக் கேளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.