கணவரின் பரிசோதனைச் சீட்டு எங்கே?

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





குழந்தைப்பேறு சிகிச்சைக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு விண்ணப்பங்கள் வருகின்றன. கோப்பைத் திறந்தால் மனைவியின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே என்று ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். கணவர் பெயரில் ஒரு சீட்டும் இருக்காது. விந்தணுப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான் செலவு. மாதம் தவறாமல் சர்க்கரை பார்க்கிற ஆண்கள்கூட இதற்கு மட்டும் லேப் வாசலை மிதிப்பதில்லை.

அந்தச் சீட்டு இல்லாததால் பழி முழுவதும் பெண் மீது விழுகிறது. பழியைத் தொடர்ந்து அடியும் வருகிறது. உதவித்தொகை பற்றிப் பேசி முடித்து எழுந்து போகும்போதுதான் சகோதரிகள் மெதுவாக இதைச் சொல்கிறார்கள். "மலடி" என்ற சொல், அகீகா விருந்துக்கு அழைக்காமல் விடுவது, மாத்திரைக்குக் காசு தர மறுப்பது, நகையை வைத்துக்கொண்டு தாய் வீட்டுக்கு அனுப்புவது, கடைசியில் கை நீட்டுவது. போதாக்குறைக்கு, இன்னொரு நிக்காஹ் செய்வேன் என்ற மிரட்டல். நீதி செலுத்த வேண்டும் என்ற கடும் நிபந்தனையோடு மார்க்கம் தந்த அனுமதி அது. அதைச் சண்டையில் ஆயுதமாக எடுப்பதைக் கேட்க மனம் பதறுகிறது.

தம்பதியர் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தரிக்காதபோதுதான் மருத்துவம் அதைக் குழந்தையின்மை என்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வளைகுடாவிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வருகிறார்கள். "நிக்காஹ் முடிந்து ஐந்து வருஷம்" என்று மாமியார் கணக்குச் சொல்கிறார். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தேறாது!

குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. இல்லறத்தில் எந்தக் குறையும் இல்லாத ஆணுக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம். இவை வேறு வேறு என்பது நம்மில் படித்தவர்களுக்கே தெரிவதில்லை. பருவ வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, விதைப்பையில் ரத்தக்குழாய் புடைப்பு, புகையிலை என்று காரணங்கள் பல. அவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

சிலரைக் குழந்தையில்லாதவர்களாக ஆக்குவதும் அல்லாஹ்வின் நாட்டமே என்பதை அஷ்ஷூரா அத்தியாயத்தின் 49, 50ஆம் வசனங்களில் காண்கிறோம். 2,000க்கும் மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவர்களுடைய சகோதரியின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் "உம்மு அப்துல்லாஹ்", அதாவது அப்துல்லாஹ்வின் தாய் என்று அவர்களுக்குப் பெயர் சூட்டினார்கள் நபி (ஸல்) அவர்கள். நம் வீடுகளில் சூட்டுகிற பெயர் என்ன?

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று ஏளனம் செய்வதையே வன்முறை எனக் குறிப்பிட்டுச் சொல்கிறது. எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவான சட்டம் இது. கணவன் வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையையும் தருகிறது.

ஜமாஅத் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பஞ்சாயத்துக்கு வரும் பெண்ணிடம் "ஸப்ரு செய்யம்மா" என்று சொல்லி அடித்தவரோடேயே அனுப்பிவிடாதீர்கள். குழந்தை இல்லாததற்கு ஸப்ரு செய்யலாம், அடிக்கு எப்படிச் செய்வது? முதலில் அந்தப் பெண் பயமின்றித் தங்க ஓர் இடத்தை உறுதிசெய்யுங்கள். கணவர் முன்னிலையில் வைத்து விசாரிக்காதீர்கள்.

இந்த மாதம் முதல் நம் விண்ணப்பப் படிவத்தில் இருவரின் பரிசோதனைச் சீட்டுகளையும் கேட்கிறோம். கணவர் மறுத்தால் அதற்காக மனைவியின் விண்ணப்பத்தைத் தள்ள மாட்டோம். கணவரை அழைத்துப் பேசுவதா வேண்டாமா என்பதை அந்தச் சகோதரியே முடிவு செய்யட்டும். நாம் பேசப் போய் அவர்களுக்கு வீட்டில் அடி அதிகமாகிவிடக் கூடாது.

ஆபத்து என்றால் இரவு பகல் எந்நேரமும் 181 என்ற எண்ணை அழைக்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் தரலாம். தனியே போகத் தயங்குபவர்களோடு நம் மகளிர் பிரிவுச் சகோதரிகள் வருவார்கள்.

வஸ்ஸலாம்.