பழனிப் பாதையில் ஒரு மெக்கானிக்

(தைப்பூச விழாவில் ஆற்றிய உரை)



தேர் புறப்படுமுன் அச்சாணியைச் சோதிப்பவரின் பெயர் அழைப்பிதழில் இடம்பெறுவதில்லை. கெடாத் தோட்டங்களில் பால் லாரியையும் ஆலை இயந்திரத்தையும் பழுதுபார்த்து, அந்த வருவாயில் பிள்ளைகளைக் கரையேற்றிய மெக்கானிக்குகளும் அத்தகையோரே. அத்தொழிலின் பெருமைக்குச் சான்றாக விளங்கியவர் கோவை ஜி. டி. நாயுடு.

1893-இல் கலங்கல் சிற்றூரில் பிறந்த அவருக்கு ஏட்டுப் படிப்பு கசந்தது. மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் வேலை செய்து, காசு சேர்த்து அதனை வாங்கினார். அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, மீண்டும் பூட்டிக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓடச் செய்தார். தண்டபாணி குடிகொண்ட தலத்திற்கு அந்தக் கைத்திறன் வண்டி விட்டது! 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து மின்மோட்டார் உருவாக்கினார். 1974-இல் மறையும்வரை, தொழிற்கல்வியே இளைஞருக்குச் சோறிடும் என்று வலியுறுத்தினார். அவர் வளர்த்த பணியை மைந்தர் கோபால் தொடர்ந்தார்.

தோட்டம் விட்டுச் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களில், தேர்வில் தவறிய மகனைப் "பட்டறைக்குத்தான் லாயக்கு" என ஏசுவதுண்டு. அச்சொல் மகனை மட்டுமன்று, எண்ணெய்க் கறை படிந்த கைகளால் அவனை வளர்த்த தந்தையையும் சுடுகிறது. படிப்பு ஏறாத பிள்ளைக்கும் பாதை உண்டு. அதனை முறையாகக் கற்பித்தலே பெற்றோர் கடமை.

ஆயுத பூசையன்று கருவிக்குச் சந்தனமிடும் சமுதாயம், அக்கருவியை ஏந்தும் கையையும் மதித்தல் வேண்டும்.

முருகன் திருவருள் முன்னிற்க!