ஆட்டம் பார்ப்பவனின் அறம்

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற திங்கள் கூட்டம் முடிந்ததும் இளைஞர் ஒருவர் என்னை அணுகி, “ஐயா, ஆங்கிலேயன் விட்டுச் சென்ற மட்டைப்பந்தாட்டத்தில் நம் பிள்ளைகள் இரவும் பகலும் ஊறிக் கிடக்கிறார்களே, அதைக் கடிந்து ஓர் உரை ஆற்றக் கூடாதா?” என்று கேட்டார். அவருக்கான விடையே இவ்வுரை. ஆனால் அவர் எதிர்பார்த்த விடை அன்று இது.

ஆட்டத்தைக் கடிவதற்கு நான் இங்கு வரவில்லை. ஓர் ஆட்டத்தை எவன் ஆக்கினான் என்று பார்ப்பதினும், அதைப் பார்க்கிறவன் என்னவாக ஆகிறான் என்று பார்ப்பதே அறிவுடைமை. விளையாடுகிறவனுக்கு ஆட்டநெறி உண்டு. தவறினால் நடுவர் விரலை உயர்த்துவார். பார்க்கிறவனுக்கு நடுவர் யார்? அவன் உள்ளமே அன்றோ? அந்த நடுவர் உறங்கிப் போனால் என்ன நேரும் என்பதற்கு என் வாழ்விலிருந்தே ஒன்று சொல்லப் போகிறேன். அதற்கு முன் 1992-ஆம் ஆண்டு உலகக் கோப்பையை நினைவூட்டுகிறேன்.

ஆத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த போட்டி அது. ஒன்பது அணிகள். ஒவ்வோர் அணியும் ஏனைய எட்டு அணிகளோடும் மோதவேண்டும். முதல் நான்கு அணிகளே அரையிறுதிக்குச் செல்லும். இதில் பாக்கித்தான் அணியின் சுவைஞர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். பிப்பிரவரி 23-இல் மெல்பர்னில் முதல் ஆட்டம். மேற்கிந்தியத் தீவுகளின் ஆட்டக்காரர் ஒருவரைக்கூட வீழ்த்த இயலாமல் தோற்றனர். சிம்பாபுவேயை வென்றனர். மார்ச்சு 1-இல் அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிராக 74 ஓட்டங்களுக்குள் சுருண்டனர். தோல்வி உறுதி என்றிருந்த வேளையில் மழை பெய்தது. ஆட்டம் கைவிடப்பட்டு ஆளுக்கொரு புள்ளி கிடைத்தது. மார்ச்சு 4-இல் சிட்னியில் இந்தியாவிடம் 43 ஓட்டங்களில் தோல்வி. மார்ச்சு 8-இல் பிரிசுபேனில் தென்னாப்பிரிக்காவிடம் தோல்வி. ஐந்து ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி! மழை தந்த அந்த ஒற்றைப் புள்ளியை யார் மதித்திருப்பார்கள்?

அதன் பின்னர்த்தான் காற்றுத் திசை மாறியது. பெர்த்து நகரில் ஆத்திரேலியாவை வென்றனர். அங்கேயே இலங்கையை வென்றனர். மார்ச்சு 18-இல் கிறைசுட்சர்ச்சு நகரில், அதுவரை ஆடிய ஏழு ஆட்டங்களையும் வென்றிருந்த நியூசிலாந்தை வீழ்த்தினர். ஆயினும் அரையிறுதி உறுதியாகவில்லை. அதே நாளில் மெல்பர்னில் ஆத்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதின. தீவுகள் வென்றால் பாக்கித்தான் வெளியே. ஆத்திரேலியா வென்றால் உள்ளே. ஒரு கிழமைக்கு முன் எந்த அணி தோற்கவேண்டும் என்று வேண்டினார்களோ, அதே அணி வெல்லவேண்டும் என்று பாக்கித்தான் மக்கள் வேண்டி நின்றார்கள். ஆத்திரேலியாவுக்கோ அரையிறுதி வாய்ப்பே இல்லை. எனினும் அவர்கள் தளர்ந்து ஆடவில்லை. 57 ஓட்டங்களில் வென்றார்கள். இறுதிப் பட்டியலில் பாக்கித்தானுக்கு 9 புள்ளி. ஆத்திரேலியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் எட்டெட்டு. அடிலெய்டு மழை தந்த ஒரு புள்ளியின் விலை இப்போது விளங்குகிறதா?

மார்ச்சு 21-இல் ஆக்குலாந்தில் அரையிறுதி. நியூசிலாந்தில் காலையில் ஆட்டம் தொடங்கினால், பாக்கித்தானில் அது விடியாத இரவு. நோன்புத் திங்களும் அதுவே. விடியலுக்கு முன் உண்பதற்கு எழுகின்ற வேளையில் அங்கே பந்து வீசப்பட்டுக் கொண்டிருந்தது. 263 ஓட்டங்கள் வேண்டும், நால்வர் வீழ்ந்துவிட்டனர், எஞ்சிய 90 பந்துகளில் 123 ஓட்டங்கள் வேண்டும் என்ற நிலையில் 22 அகவை இளைஞர் இன்சமாம் உள்ளே வந்தார். அதுவரையிலான ஆட்டங்களில் பெரிதாக ஒளிராதவர். 37 பந்துகளில் 60 ஓட்டங்கள் குவித்தார். ஆட்டம் கைக்கு வந்தது. மார்ச்சு 25-இல் மெல்பர்னில், ஏறத்தாழ 87,000 பேர் முன்னிலையில், இங்கிலாந்தை 22 ஓட்டங்களில் வென்று கோப்பையைப் பெற்றனர். வாசிம் அக்கிரம் அடுத்தடுத்த இரு பந்துகளில் இருவரை வீழ்த்தியதை அன்று பார்த்தவர்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். சிட்னியில் அவர்களை வென்ற இந்தியாவோ ஏழாம் இடத்தில் நின்றது.

இளைஞர்களே, இங்கே ஒன்றைக் கருதிப் பாருங்கள். பிரிசுபேனில் தென்னாப்பிரிக்கா வென்றதற்கு மழைநெறியும் துணை நின்றது. பாக்கித்தான் ஆடிக்கொண்டிருந்தபோது மழை வந்து 84 பந்துகளைக் கொண்டு சென்றது; ஆனால் எடுக்கவேண்டிய ஓட்டங்களில் குறைந்தவை 18 மட்டுமே. ஏனெனில், முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ஓட்டமெடுத்த பகுதிகளையே கழிக்கவேண்டும் என்பது அன்றைய நெறி. இரண்டு கிழமைகள் சென்றன. மார்ச்சு 22-இல் சிட்னி அரையிறுதியில், இங்கிலாந்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் வேண்டியிருந்தன. மழை வந்தது, பன்னிரண்டு பந்துகள் போயின, குறைந்ததோ ஒரே ஓட்டம். ஒரு பந்தில் 21 ஓட்டங்கள்! எவரால் இயலும்?

நிறவெறி ஆட்சியின் பொருட்டு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த நாடு முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியது அவ்வாண்டுதான். நிறவெறியை ஒழிக்கும் சீர்திருத்தங்கள் தொடரலாமா என்று அந்நாட்டு வெள்ளையரிடம் வாக்கெடுப்பு நடந்து, தொடர்க என்று பெரும்பான்மையர் விடை சொன்னது அதே மார்ச்சு 17-இல். ஐந்தே நாளில் இந்த இடி. நெஞ்சு நோகத்தான் செய்யும். ஆயினும், அவர்களை வீழ்த்திய அதே நெறிதான் பிரிசுபேனில் அவர்களுக்குக் கைகொடுத்தது. நமக்கு நலம் செய்தால் அதை நெறி என்கிறோம். தீங்கு செய்தால் முறைகேடு என்கிறோம். தீய நெறியை, அது நமக்கு வெற்றி தரும் நாளிலேயே தீயது என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டோ, அவனே நடுநிலையாளன். பின்னாளில் அந்நெறி கைவிடப்பட்டு, டக்வொர்த்து, லூயிசு என்னும் கணக்கறிஞர் இருவர் வகுத்த முறை வந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்போது நான் குடியிருந்த ஊரில் ஒரு தேநீர்க் கடை. கடைக்காரர் இசுலாமியர். தமிழன்றி வேறு மொழி அறியாதவர். அவர் பாட்டனும் பூட்டனும் அடங்கியது அவ்வூர் மண்ணில். ஆட்டம் நடக்கும் நாள்களில் அவர் கடை வானொலியைச் சுற்றி முப்பது பேராவது நிற்போம். ஆட்ட நுணுக்கம் எங்களில் எவரினும் அவருக்கே நன்கு தெரியும். மார்ச்சு 4-ஆம் நாள் இந்தியா வென்றதும் ஓர் இளைஞன் அவரைப் பார்த்து, “என்ன பாய், உங்கள் ஆட்கள் தோற்றுவிட்டார்களே!” என்றான். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு ஆற்றிய தேநீரையே மீண்டும் ஆற்றினார். நான் என்ன செய்தேன்? மேடைதோறும் தமிழர் அனைவரும் ஓரினம் என்று முழங்கிய நான், குவளையை வைத்துவிட்டு, காசு கொடுத்துவிட்டு, வாய் திறவாமல் வந்தேன்.

மார்ச்சு 25. இறுதி ஆட்டம். கடைக்குச் சென்றேன். வானொலி வாய்மூடிக் கிடந்தது. “பழுது, தம்பி” என்றார். நோன்பின் களைப்போடு பிறருக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் அதே வானொலி பாடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல பந்து ஒன்றைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தால், அம்மலர்ச்சிக்கு நாங்கள் என்ன பொருள் சொல்வோம் என்று அவருக்குத் தெரியும். தம் முகத்தை எங்களிடமிருந்து காக்கவே வானொலியை நிறுத்தியிருக்கிறார். ஓர் ஆட்டத்தைக் கேட்டு மகிழும் எளிய உரிமையை, உடன்பிறந்தான் ஒருவனிடமிருந்து எங்கள் சிரிப்புப் பறித்துவிட்டது. அந்தச் சிரிப்பை நான் தடுக்கவில்லை. இன்றும் என் நெஞ்சை அறுப்பது அதுவே.

வெறி ஓர் இடத்தில் நில்லாது. 1996 மார்ச்சு 13-இல் கல்கத்தாவில் இலங்கையோடு அரையிறுதி. ஒருவரே வீழ்ந்து 98 ஓட்டங்கள் என்றிருந்த இந்திய அணி, எண்மர் வீழ்ந்து 120 என்றானது. பார்வையாளர்கள் புட்டிகளை எறிந்தார்கள். இருக்கைப் பகுதியில் தீ மூட்டினார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. அயலானைப் பழிக்கப் பழகிய வாய், நாளடைவில் தன்னவனையும் பழிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆனால் மற்றொரு நாளும் உண்டு. அது நம் சென்னையில், 1999 சனவரி 31-இல். அது கோப்பைப் போட்டியன்று; பாக்கித்தானோடு ஆடிய ஐந்து நாள் ஆட்டம். 271 ஓட்டங்கள் வேண்டும். முதுகு வலியோடு ஆடி 136 எடுத்த தெண்டுல்கர், இன்னும் 17 ஓட்டங்களே வேண்டியிருந்தபோது வீழ்ந்தார். எஞ்சியோரும் நான்கு ஓட்டங்களுக்குள் வீழ்ந்தனர். 12 ஓட்டங்களில் தோல்வி. சேப்பாக்கம் ஒருகணம் பேச்சற்றுப் போனது. பின்னர் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பாக்கித்தான் அணியினர் திடலைச் சுற்றி வந்து வணங்கி ஏற்றுக்கொண்டார்கள். தோற்ற வலி இல்லாதவர்களா அவர்கள்? வலித்தது; வலியோடுதான் எழுந்தார்கள். அதற்குப் பெயர்தான் பெருந்தன்மை.

அன்று மாலை நான் அந்தக் கடைக்குச் சென்றேன். வானொலி பாடிக்கொண்டிருந்தது. “இன்று முழுக்கக் கேட்டேன், தம்பி” என்றார். ஏழாண்டுகளாக நெஞ்சில் கிடந்த சொல்லை அன்றுதான் சொன்னேன்: “அண்ணா, அன்று நான் பேசியிருக்க வேண்டும்.” அவர் விடை சொல்லவில்லை; காசு வாங்கவும் மறுத்துவிட்டார்.

ஆகவே இளைஞர்களே, ஆட்டத்தைப் பாருங்கள், வெற்றியில் துள்ளுங்கள், தோல்வியில் வருந்துங்கள். ஆனால் கைதட்டும்போது பக்கத்தில் நிற்பவன் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். எவனாவது அவனை நோக்கி “உங்கள் ஆட்கள்” என்று சொன்னால், அந்த நொடியே வாய் திறந்து, “இவர் எங்கள் ஆள்” என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தவறிய சொல் அது. நீங்கள் தவறாதீர்கள்.