ஓடைக்கு அகலம் கொடுங்கள்



நகர ஆறுகளை மீட்பது பற்றிய கருத்தரங்குக்கு ஸ்ரீ விஜயபுரத்தில் ஏன் கூட வேண்டும் என்று கேட்கலாம். நம் வாயில் இன்னும் போர்ட் பிளேராகவே இருக்கும் இவ்வூரில் கூவமும் இல்லை, வைகையும் இல்லை. ஆறு என்று சொல்லத்தக்கது வேண்டுமானால் வடக்கு அந்தமானில் கல்பாங்குக்கோ கிரேட் நிக்கோபாரில் கலத்தியாவுக்கோ போக வேண்டும். நமக்கு வாய்த்தவை மேட்டில் பிறந்து சில கிலோமீட்டரிலேயே கடலைத் தொட்டுவிடும் நாலாக்கள் என்னும் சிற்றோடைகள். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையை இறக்கிவிடும் பொறுப்பு இவற்றின் தலையில்தான்.

கனமழையும் ஓதமும் ஒருசேர வந்தால், மேட்டு நீர் கீழே தள்ளும், கடல் எதிர்த்துத் தள்ளும். அந்தச் சில மணி நேரம் நீர் நிற்க இடம் வேண்டும். நாமோ இருபுறமும் சிமெண்ட் சுவர் எழுப்பி ஓடையைக் குறுக்குகிறோம். நீர் வேகமாக வந்து, நிற்க இடமின்றி வீடுகளுக்குள் நுழைகிறது. அந்த நீரில் ஒரு பகுதி நிலத்தில் இறங்கினால், கோடையில் நகருக்கு நீர் தரும் தனிக்காரி நீர்த்தேக்கம் தாழும்போது கிணறுகளாவது கைகொடுக்கும்.

நீருக்கு இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு பேரிடரிலேயே கண்டோம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஊருக்கு அருகிலுள்ள சிப்பிகாட்டில் வயல்கள் உப்புநீரில் மூழ்கின. நிலம் இழந்தவர்களுக்கு அது ஆறாத இழப்பு. அதை அழகென்று பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனாலும் இன்று அங்கே சாலையோரம் நின்றால், ஆழமில்லாத நீரில் அந்தமான் கிளுவைகள் இரை தேடுவதைக் காணலாம். நீருக்கு இடம் கிடைத்தால் உயிர்கள் தாமே வந்து சேர்கின்றன. அந்த இடத்தை, யாரையும் அகதியாக்காமல், முன்கூட்டியே திட்டமிட்டு ஒதுக்குவதே நம் வேலை.

சிங்கப்பூர் அதைச் செய்துகாட்டியது. பிஷான்–அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. நேர்க்கோட்டுச் சிமெண்ட் கால்வாயை உடைத்து, 3.2 கி.மீ. நெளிந்தோடும் ஆறாக்கி 2012-இல் திறந்தார்கள். வெயில் நாளில் பிள்ளைகள் விளையாடும் கரைதான் மழை நாளில் வெள்ளத்தைத் தாங்குகிறது. சென்னையில் இடிபாடுகள் கொட்டப்பட்டுக் கிடந்த அடையாறு உப்பங்கழியின் 58 ஏக்கரைத் தோண்டிச் சீராக்கி, 2011-இல் பூங்காவாக்கினார்கள். சியோலின் சியோங்கியெச்சியான் ஓடை கண்ணைக் கவரும். ஆனால் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி பம்பு வைத்து ஏற்றுவது. அந்தச் செலவு நமக்குக் கட்டுப்படியாகாது.

எதையும் அப்படியே படியெடுக்கவும் முடியாது. நம் கழிமுகங்களில் உவர்நீர் முதலை உண்டு. மீன் கழிவும் இறைச்சிக் கழிவும் கொட்டினால் முதலை ஊருக்குள்ளேயே வரும். ஆகவே இங்கே பொழுதுபோக்கு என்பது நீரில் இறங்குவதல்ல. அலையாத்திகளுக்கு மேலே மரப்பாலத்தில் நடப்பது. கழிவு கொட்டுவது நிற்காமல் கரையில் பெஞ்சு போடுவது வீண் செலவு.

இரண்டு நாள் அமர்வுகளில் படிக்கப்படும் கட்டுரைகளிடம் நான் வேண்டுவது ஒன்றே. நீங்கள் ஆராய்ந்த ஓடைக்கு எத்தனை மீட்டர் அகலம் விட வேண்டும், அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது, அவர்களுக்கு மாற்று என்ன என்று எழுதிக் கொடுங்கள். அதைத் தொகுத்து நகராட்சியிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.