லூபஸ் உள்ளவர்கள் காசநோயைத் தடுப்பது எப்படி?

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் டாக்டர் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குத் தெரிந்த ஓர் அகத்தில் மாமனாருக்கு மூன்று மாதமாக இருமல். பெண்ணுக்கு வரன் பார்க்கும் சமயம் என்று வெளியே சொல்லவில்லை. அதே அகத்தில் மாட்டுப்பெண்ணுக்கு லூபஸ். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது லூபஸ்தான் கிளம்பிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். முதுகெலும்பில் காசநோய் என்று தெரியப் பல வாரங்கள் ஆயின.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவது லூபஸ். பெரும்பாலும் பெண்களுக்கு, 15 முதல் 45 வயதுக்குள் வருகிறது. அதை அடக்க ஸ்டீராய்டு, அசதியோபிரின் போன்ற மருந்துகள் தேவை. ஆனால் காவல்காரனை அடக்கினால் திருடனுக்கு வசதி. நம் தேசத்தில் பலர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. பிரெட்னிசலோன் தினம் 15 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு மாதம் சாப்பிட்டாலே அது விழித்துக்கொள்ளும் அபாயம் கூடுகிறது.

ஆகவே, முடிந்தவரை இந்த மருந்துகளைத் தொடங்கும் முன்பே மார்பு எக்ஸ்ரேயும், மாண்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம்.

கிருமி தூங்குகிறது, நோயாக மாறவில்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து உண்டு. ஐசோனியாசிட் தினமும் 6 மாதம். கூடவே பி6 வைட்டமின். கல்லீரலையும் கவனிக்க வேண்டும். ரிஃபாபென்டைன் சேர்த்து வாரம் ஒரு தரம், 12 வாரம் என்ற முறையும் இருக்கிறது. ஆனால் ரிஃபாபென்டைன், ரிஃபாம்பிசின் இரண்டுமே ஸ்டீராய்டின் பலத்தைக் குறைப்பவை. லூபஸ் மீண்டும் தலைதூக்கலாம். எனவே எந்த மருந்து என்பதை உங்கள் லூபஸ் டாக்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், காசநோயாளியுடன் ஒரே வீட்டில் வசிப்பவர்களும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் தடுப்பு சிகிச்சைக்கு உரியவர்கள். அரசு மையங்களில் இது இலவசம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்கால ஜுரம், எடை குறைவு, ராத்திரி வியர்வை இருந்தால் டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

அந்த மாமனார் முதல் மாதமே சளிப் பரிசோதனை செய்துகொண்டிருந்தால் அகத்தில் எல்லோருக்கும் வழி இருந்தது. உங்கள் அகத்தில் யாராவது இருமினால், வரன் விஷயத்தை நினைத்து மறைக்காதீர்கள்.